பட்டம் வேண்டும், ஆனால் என்ன விலைக்கு?

(பிளஸ் டூ எழுதிய மாணவ மாணவியரின் பெற்றோருக்காக நமது அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





பரீட்சை முடிந்துவிட்டது. ரிசல்ட் வர இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. வழக்கமாக ஜூலை மாதம்தான் இந்தக் கூட்டத்தைப் போடுவோம். அதற்குள் பாதிப் பேர் எங்காவது பணத்தைக் கட்டிவிட்டு, ரசீதோடு உதவி கேட்டு வருவீர்கள். இந்த வருடம் முன்கூட்டியே உங்களை அழைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

நம் ஊரில் இரண்டு விதமான பேச்சு நடக்கிறது. "லட்சக்கணக்கில் கட்டிப் படித்தவன் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான், படிப்பு எதற்கு?" என்பது ஒன்று. "வீட்டை அடமானம் வைத்தாவது மகனை இன்ஜினியர் ஆக்கிவிட வேண்டும்" என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. இரண்டு பேருமே விலையைச் சரியாக விசாரிப்பதில்லை.

என் அத்தா பெட்டிக்கடை வைத்திருந்தார். நான் மதரஸாவில் ஓதிவிட்டு, திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தபோது அம்மாவின் வளையல் ஒரு ஜோடி போனது. அந்த ஒரு ஜோடியோடு முடிந்தது. எப்படி? நான் சேர்ந்தது அரசு உதவி பெறும் பிரிவு. அந்தக் கல்லூரியை 1951-ல் ஜமால் முகம்மது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் தொடங்கினார்கள். என் படிப்பின் விலையில் பெரும் பங்கை எனக்கு முன்னாலேயே வள்ளல்களும் அரசாங்கமும் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் அந்தப் பட்டம் எனக்கு லாபமாக இருந்தது.

இப்போது ஒரு வருத்தமான விஷயம். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சகோதரர் தன் மகனுக்கு இன்ஜினியரிங் சீட் வாங்கிவிட்டு வந்தார். நாங்கள் வருடம் 15,000 ரூபாய் என்று நான்கு வருடம் கொடுத்தோம். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்திருக்கிறார், ஒரு புரோக்கரிடம் பணம் கொடுத்திருக்கிறார், மனைவியின் நகை அடகில் இருக்கிறது என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பையனுக்குக் கணக்கு வராது. பதினொரு அரியர். இன்று செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். நகை மூழ்கிவிட்டது. இதில் அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். சீட் எப்படிக் கிடைத்தது, உனக்கு என்ன படிக்கப் பிடிக்கும் என்று நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மக்கள் நம்பித் தந்த அமானிதப் பணம் 60,000 ரூபாய் போனது. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

பெற்றோர்களே, கடன் கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 1,25,000 ரூபாய் வீதம் நான்கு வருடத்துக்கு 5 லட்சம் கல்விக் கடன். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்தாவது வருட முடிவில் வட்டி மட்டும் 1,75,000 ரூபாய் நிற்கும். பையன் முதல் சம்பளம் வாங்கும்போதே தலையில் 6,75,000. வட்டி நமக்கு ஹராம் என்பது ஒருபுறம். மார்க்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இந்தச் சுமை ஒரு ஏழைக் குடும்பத்தை எழுந்திருக்க விடாது.

அதே பட்டம் வேறு வழியில் போனால் என்ன விலை?

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இன்ஜினியரிங் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் கலந்தாய்வு மூலம் சேர்ந்தால்தான். புரோக்கர் மூலம் போனால் அந்தச் சலுகை போய்விடும். 2007-லிருந்து பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. சாதிச் சான்றிதழ் கையில் இல்லாமல் அதைக் கேட்க முடியாது. நம்மில் பல வீட்டில் அந்தச் சான்றிதழை ரிசல்ட்டுக்குப் பிறகுதான் தேடுகிறோம். கலைக் கல்லூரியிலும் கவனம் வேண்டும். ஒரே வளாகத்தில், ஒரே பி.காம். பட்டத்துக்கு, அரசு உதவி பெறும் பிரிவில் ஒரு கட்டணம், சுயநிதிப் பிரிவில் அதைப்போல் பல மடங்கு. எந்தப் பிரிவு என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எல்லோருக்கும் பட்டம்தான் வழி என்றும் இல்லை. கைவேலையில் ஆர்வமுள்ள பையன் பிளஸ் டூ முடித்து பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்து வேலைக்குப் போகலாம். பிறகு மனம் இருந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். நம் பிள்ளைகள் வளைகுடா போகிறார்கள். அங்கே ஒரே கம்பெனியில் ஹெல்பர் விசாவில் போனவனையும் டெக்னீஷியன் விசாவில் போனவனையும் பார்த்திருக்கிறீர்கள். அந்த வித்தியாசம் ஒரு சான்றிதழில்தான் இருக்கிறது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "பொம்பளப் பிள்ளைக்கு நகை சேர்க்கவா, ஃபீஸ் கட்டவா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறீர்கள். நம் தெருவில் ஒரு பெண் உதவி பெறும் பிரிவில் பி.காம். படித்தாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தது, பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் சரியாகப் போனது. கல்யாணமான அடுத்த வருடமே மாப்பிள்ளைக்கு சவூதியில் வேலை போய்விட்டது. ஏழு மாதம் அந்தக் குடும்பம் அவளுடைய ஆடிட்டர் ஆபீஸ் சம்பளத்தில் நடந்தது. நகையை விற்றிருந்தால் ஏழு மாதம் வந்திருக்குமா என்று அவள் மாமியாரே என்னிடம் கேட்டார்.

இனி அறக்கட்டளையின் முடிவு. நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் நன்கொடைக்கும் இனி நம் பணம் போகாது. உதவி கேட்பவர் பணம் கட்டுவதற்கு முன்னால் வர வேண்டும். பிள்ளையும் கூட வர வேண்டும், நாங்கள் அவனிடமும் அவளிடமும் பேசுவோம். ஜக்காத் பெறத் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஜக்காத்திலிருந்து கொடுப்போம். மற்றவர்களுக்கு வட்டியில்லாக் கடன், அதுதான் கர்ழ் ஹஸனா. வேலை கிடைத்ததும் திருப்பித் தர வேண்டும். நீங்கள் திருப்பித் தரும் பணத்தில்தான் அடுத்த பிள்ளை படிக்கும். எனக்கு முன்னால் ஒருவர் கொடுத்தார் என்றேனே, அந்த வரிசை நம்மோடு நின்றுவிடக் கூடாது.

வரும் ஞாயிறு முதல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மதரஸா ஹாலில் கல்லூரி முடித்த நம் இளைஞர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், கலந்தாய்வு விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் உதவுவார்கள். ஒரு பைசா கொடுக்க வேண்டாம். அதற்குள் யாராவது "சீட் காலியாகிவிடும், இன்றே அட்வான்ஸ் கட்டுங்கள்" என்று போன் செய்தால், ஞாயிற்றுக்கிழமை வரை பொறுங்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் கடனில்லாத வாழ்வையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.