துப்பாக்கியா காவல்?

தோழர்களே! தில்லி அரசு இரு படைகளைச் சமைத்தது. 1984-இல் தேசியப் பாதுகாப்புப் படை. 1985-இல் பிரதமருக்கென்றே சிறப்புப் பாதுகாப்புக் குழு. முன்னதன் கரத்திலே ஜெர்மானிய எம்.பி.-5, பின்னதன் கரத்திலே, பின்னாளில், பெல்ஜிய எப்-2000. முன்னது மானேசரில் பயின்றது. பகைவன் பதுங்கிய இடத்திலே பாய்வது அதன் பாடம். பின்னதற்கோ பாய்ச்சல் பாடமல்ல; தலைவரை உடலால் மறை, உடனே அப்புறப்படுத்து என்பதே பாடம். முன்னது வேல், பின்னது கேடயம். முன்னதும் நெடுங்காலம் தலைவர் பலருக்குக் காவல் நின்றதுண்டு.

எது வலிது என்கிறீர்களா? நான் கேட்கிறேன்: 1984 அக்டோபர் 31-இல் இந்திரா காந்தியைச் சுட்ட துப்பாக்கிகள் எவர் தந்தவை? அரசு தந்தவை! பயிற்சி? அதுவும் அரசு தந்ததே! காவலரே காலனாயினர்.

1991 மே 21. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி வீழ்ந்தார். சிறப்புக் குழுவுக்கு ஆயுதம் இருந்தது, ஆற்றல் இருந்தது. அங்கே அந்தக் குழுதான் இல்லை! 1988-ஆம் ஆண்டுச் சட்டம், பிரதமரையும் அவர் குடும்பத்தாரையுமே காத்தது. பதவி இழந்தவரைக் கைவிட்டது. அவர் மாண்ட பின்னரே சட்டம் திருந்திற்று.

ஆகவே தோழர்களே, ஆளைத் தேர்வது முதற்காவல்; சட்டம் இரண்டாங்காவல்; துப்பாக்கி மூன்றாவதே. பழுதுற்ற துப்பாக்கியை ஒரே நாளில் மாற்றலாம். பழுதுற்ற சட்டத்தை மாற்ற ஓர் உயிர் போகும்வரை காத்திருப்பதா?