சிறுத்த இரைப்பைக்குச் செறிந்த உணவு

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்க மேடையிலே சமயத்தைப் பேசாமற் சாப்பாட்டைப் பேச வந்திருக்கின்றானே என்று சிலர் எண்ணக்கூடும். உடம்பை இழுக்கென்று தள்ளாது ஓம்ப வேண்டுமென்ற உண்மையைத் திருமூலரே நமக்கு உணர்த்தியிருக்கின்றார். ஆகவே இவ்விஷயம் சமயத்துக்குப் புறம்பாகாது என்பது என் நம்பிக்கை.

என் சின்னம்மாவின் மகளுக்கு வயது 17. உயர்தர வகுப்பு மாணவி. அவளுடைய சம்மதத்துடனேயே அவள் கதையை இங்கே கூறுகின்றேன். சிறு வயது முதல் அவளுக்கு அளவு கடந்த உடற்பருமன். பின்னர் நீரிழிவும் சேர்ந்தது. உணவுக் கட்டுப்பாடும் மருந்தும் போதிய பயன் அளியாமற் போகவே, வைத்தியர்கள் இரைப்பையைச் சுருக்கும் சத்திரசிகிச்சையைச் செய்தனர். இரைப்பையில் ஏறக்குறைய முக்காற் பங்கை அகற்றி, எஞ்சியதை வாழைப்பழ வடிவான ஒரு குழாயாக விட்டுவிடுவதே அச்சிகிச்சை. இது சோம்பேறிகள் தேடும் குறுக்குவழி என்று ஊரிலே பேசினார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியோ, கடும் பருமனுள்ள 13 வயதினருக்கும் அதற்கு மேற்பட்டோருக்கும் இதுவும் ஆராயத்தக்க ஒரு சிகிச்சையே என்கின்றது.

சிகிச்சை நன்கு முடிந்தது. அதன் பின்னரே தவறு நேர்ந்தது. அத்தவறு அவளுடையதன்று, எங்களுடையது.

விடியற்காலையில் தனியார் வகுப்பு, பின்னர் பாடசாலை, மாலையில் மீண்டும் வகுப்பு. காலையில் வெறுந் தேநீர்; இடைவேளையில் அரைப் பணிஸ். மதியம் அவள் முன் அமர்ந்து, "ரெண்டு வாய் சோறு தின்னாத பிள்ளை எப்பிடிப் படிக்கப் போகுது?" என்று அம்மம்மா சோற்றை ஊட்டுவார். அச்சிறு இரைப்பை சோற்றினாலேயே நிறைந்துவிடும்; பருப்புக்கு இடமிராது. நான்காம் மாதத்தில் தலைமயிர் கொத்துக் கொத்தாய் உதிர்ந்தது. அதன்மேல், பரீட்சையில் நற்பேறு வேண்டிக் கந்தசஷ்டி விரதமும் பிடித்தாள். மூன்றாம் நாள் கோயில் வீதியிலே மயங்கி விழுந்தாள்.

அன்று வைத்தியர் சொன்னதன் சாரம் இதுதான்: "இனி இவளுக்கு வயிறு நிறைவது உணவாகாது, புரதம் நிறைவதே உணவு."

ஏன் அப்படி? உணவு திடீரெனக் குறையும்போது உடம்பு தன் கொழுப்பை மாத்திரம் எரிப்பதில்லை, தசையையும் கரைக்கின்றது. கரைந்த தசையை ஈடுசெய்வதும், காயத்தை ஆற்றுவதும், வளரும் பருவத்து உடம்பைக் கட்டுவதும் புரதமே. இச்சிகிச்சை பெற்றவர்க்கு நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டுமென்பது பொதுவான விதி. வேகமாக மெலியும்போது மயிர் உதிர்வது இயல்பாயினும், புரதமும் இரும்பும் குறைந்தால் அது மிகும்.

சமைத்த சோறு 100 கிராமில் உள்ள புரதம் 3 கிராமுக்கும் குறைவு. அதே அளவு அவித்த கடலையில் ஏறக்குறைய 9 கிராம். பயற்றிலும் கௌபியிலும் 7 முதல் 8 கிராம். உலர்ந்த சோயா மீற் 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம். மீன் உண்ணும் வீடுகளில் 100 கிராம் மீன் 20 கிராம் வரையில் தரும். ஆனால் மரக்கறி வீட்டிலே திட்டமின்றி இக்கணக்கு நிறையாது. நான் படித்த மிஷன் பாடசாலை விடுதியில் வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடென்றால் ஒரு மலை சோறும் பூசணிக்காய்க் கறியுமே. மச்சத்தை விலக்கினோம், அதனிடத்தில் எதை வைத்தோம்?

அவளுக்கு நாங்கள் வகுத்த ஒழுங்கைக் கூறுகின்றேன். விடியற்காலையில் ஒரு தம்ளர் பாலில் கொழுப்பு நீக்கிய பால்மா 30 கிராம் கரைத்தது: 16 கிராம். பாடசாலை இடைவேளையில் சிறு டப்பாவில் அவித்த கடலை: 7 கிராம். மதியம் 20 கிராம் சோயா மீற் கறியும் சில கரண்டி கெட்டிப் பருப்பும்: 14 கிராம். மாலையில் துணியிற் கட்டி நீர் வடித்த தயிர் அரைக் கோப்பை: ஏறக்குறைய 10 கிராம். இரவில் மீண்டும் அந்தப் பால்: 16 கிராம். கூட்டினால் 63. சோறு கடைசியில், இடமிருந்தால் மாத்திரம். தயிரை வடிக்கும் யோசனை அம்மம்மாவினுடையது. சோறு ஊட்டிய கையே இன்று கடலையை ஊறப் போடுகின்றது.

சில எச்சரிக்கைகள். இது சிகிச்சை முடிந்த உடனே உண்ணும் உணவன்று. முதலில் நீராகாரம், பின்னர் மசித்தது, அதன் பின்னரே திட உணவு. வைத்தியர் அனுமதிக்கும்போதே அடுத்த படி. மெல்ல மென்று உண்ண வேண்டும். உணவோடு நீர் அருந்தலாகாது. அரை மணி நேரம் கழித்தே அருந்த வேண்டும். விற்றமின், இரும்பு, கல்சியக் குளிசைகளை ஆயுள் முழுவதும் விடலாகாது. விற்றமின் பி12 தாவர உணவில் இல்லையாதலால் மரக்கறி உண்போர் இதிலே இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இச்சிகிச்சைகளைப் பெற்ற இளைஞரை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவின்படி, மூன்று ஆண்டுகளின் பின் 57 விழுக்காட்டினரிடம் இரும்புச் சேமிப்புக் குறைந்திருந்தது.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் விரதத்தில் விலக்களிப்பது நம்மவர் வழக்கம். இப்பிள்ளைகளையும் அவ்வரிசையிற் சேர்த்துக்கொள்ளுங்கள். "நீ உபவாசம் இருக்க வேண்டாம், முருகன் கோபியான்" என்று நாங்கள் சொன்னால் அவர்கள் நம்புவதில்லை, நீங்கள் சொன்னால் நம்புவார்கள். பந்தியில் "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்துவதையும் விட்டுவிடுங்கள்.

சகோதர சகோதரிகளே, உங்களிடம் ஒன்று. அவள் மயங்கி விழுந்ததற்குப் பசி மாத்திரம் காரணமன்று, வெட்கமும் காரணம். வகுப்பிலே டப்பாவைத் திறந்தால் கேலி செய்வார்களென்று அஞ்சியே பல நாள் அதைத் திறவாமற் கொண்டு வந்தாள். உங்கள் பக்கத்தில் அப்படியொருவர் இருந்தால், கேள்வி கேளாமல் நீங்களும் உங்கள் கடலையை எடுத்து உண்ணுங்கள். அதைவிடப் பெரிய உதவி வேண்டியதில்லை.

நவராத்திரியிலே கடலையும் பயறும் அவித்துத் தெய்வத்துக்குப் படைக்கின்றோம். ஒன்பது நாளுக்கு உரியதாய் இருக்கும் அந்தப் பிரசாதத்தை, நமது சங்கத்தின் வாராந்த வகுப்பிலே இனிப்புப் பண்டத்துக்குப் பதிலாக ஆண்டு முழுவதும் வழங்கலாமென்று பிரேரிக்கின்றேன். சிகிச்சை பெற்றவர்க்கு மட்டுமன்று, எல்லார்க்கும் அது நன்று.