மஞ்சள் தெரிகிறதா?



கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலையில் இருந்திருக்கிறீர்களா? மலை உச்சியில் கொப்பரை பற்றிக்கொள்ளும் அந்த நொடியில் ஊர் முழுக்க "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று ஒரே குரலாக எழும். குடிநீர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில், பல தீபங்களில் அந்தக் குரல் என் காதில் விழும்போது என் கையில் ஒரு சிறு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதற்குள் மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இன்று உங்களிடம் பேச வந்திருப்பது அந்த மஞ்சளைப் பற்றித்தான்.

வேதியியலில் உப்பீனிகள் என்று ஒரு குடும்பம் உண்டு. ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய நான்கில் இன்று நமக்கு வேண்டியவை புரோமின் தவிர்த்த மூன்று. ஐந்தாவதான அஸ்டட்டைன் இயற்கையில் காண்பதற்கே அரிது, அதை விட்டுவிடலாம். உலோகத்தோடு சேர்ந்தால் உப்பை ஈனுவதால் இவற்றுக்கு உப்பீனி என்று பெயர். சோடியமும் குளோரினும் சேர்ந்ததுதானே நம் வீட்டு உப்பு! இந்தக் குடும்பத்தின் ஒவ்வோர் அணுவுக்கும் வெளிச்சுற்றில் ஓர் எலக்ட்ரான் குறைவு. அதை யாரிடமிருந்தாவது பறித்துக்கொள்ளத் துடிக்கும். தண்ணீரில் குளோரினைக் கலந்தால் அது கிருமியின் தோலைத் துளைத்து உள்ளே போய் அதன் உயிர்ப்பொருளைச் சிதைப்பதும் இந்தப் பசியால்தான்.

தீபத்தன்று பக்தர்கள் மலையைச் சுற்றி நடக்கும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். இலட்சக்கணக்கானவர்கள் வெறுங்காலோடு நடந்து, ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கிற இரவு அது. ஒரு தொட்டி கெட்டாலும் வாந்திபேதி எத்தனை ஊர்களுக்குப் பஸ் ஏறிப் போகும், நினைத்துப் பாருங்கள்.

ஒரு வருடம் ஒரு பந்தலில் தண்ணீரைக் குழாயில் பிடித்து, ஆர்த்தோடொலிடின் என்ற கரைசலைச் சில சொட்டு விட்டேன். குளோரின் இருந்தால் உடனே மஞ்சளாக வேண்டும். வரவில்லை, நிறமில்லாத தண்ணீராகவே நின்றது. "காலையிலேயே பவுடர் போட்டாச்சு சார்" என்றார் அங்கே நின்ற தம்பி. பொட்டலத்தைக் கொண்டுவரச் சொன்னேன். போன தீபத்துக்குப் பிரித்து, வாயைச் சுருட்டி வைத்த பிளீச்சிங் பவுடர். மூக்கருகே கொண்டுபோனேன், நெடியே இல்லை. நல்ல பவுடரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, வேலை செய்யக்கூடிய குளோரின். காற்றும் ஈரமும் பட்டால் அது பறந்துபோய்விடும், மிஞ்சுவது வெறும் சுண்ணாம்பு. நேயர்களே, உங்கள் வீட்டில் இருக்கும் பொட்டலத்தை இன்றைக்கே ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.

புதுப் பொட்டலம் வாங்கி வந்தோம். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் கணக்கு. பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும், மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பந்தல் நடத்திய பெரியவருக்கு முகம் வாடிவிட்டது. "தாகமா வர்றவங்கள அரை மணி நேரம் நிக்க வைக்கச் சொல்றீங்களே, பாவம் இல்லையா சார்?" என்றார். "கெட்ட தண்ணி குடுத்தா அதைவிடப் பாவம் ஐயா" என்று சொல்லி, வந்தவர்களைப் பக்கத்துப் பந்தலுக்கு அனுப்பினோம்.

அரை மணி கழித்து மறுபடி சொட்டு விட்டேன். குழாய்க்குள் மெல்லப் படர்ந்தது மஞ்சள். "எலுமிச்சம்பழத் தோல் மாதிரி இருக்கே!" என்று பெரியவர் குழாயை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அந்த நிறத்துக்கு அர்த்தம் இதுதான்: அழுக்கையும் கிருமியையும் தீர்த்தது போகக் குளோரின் இன்னும் மிச்சம் இருக்கிறது. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அடுத்து யாராவது அழுக்குக் கையோடு சொம்பை விட்டு மொண்டாலும் அந்த மிச்சம் காவல் காக்கும். மறுவருடம் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே பெரியவர் குரல் கொடுத்தார்: "மஞ்சள் தெரியுது சார்!" எத்தனையோ அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அந்த ஒரு வார்த்தை தந்த நிறைவை எதுவும் தந்ததில்லை. இப்போது பல இடங்களில் டிபிடி மாத்திரை வந்துவிட்டது, நிறம் இளஞ்சிவப்பு. சொல்லும் சேதி ஒன்றுதான்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயுவாகக் கிளம்பி நுரையீரலைத் தாக்கும்.

அடுத்தது ஃபுளூரின். தண்ணீரில் இது ஃபுளூரைடாகக் கரைந்திருக்கும்போது நிறமும் இல்லை, மணமும் இல்லை, ருசியும் இல்லை. நம் பக்கத்துக் கடினப் பாறைகளில் ஃபுளூரைடு கலந்த கனிமங்கள் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீர் பாறை இடுக்கில் நெடுநாள் கிடக்கும்போது அதைக் கரைத்துக்கொள்கிறது. செங்கம் பக்கம் ஒரு பள்ளிக்கு மாதிரி எடுக்கப் போயிருந்தேன். ஒரு பெண்குழந்தை சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டாள். பல்லில் பழுப்புக் கோடுகள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் வளரும் பல்லில் கறை விழும். இன்னும் கூடினால், வருடக்கணக்கில் குடிக்கிறவர்களின் எலும்பும் மூட்டும் இறுகும். இந்தியாவில் இந்த நோயை 1937-இல் வெளியுலகுக்குச் சொன்னவர்கள் கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட்டும் அவருடைய குழுவினரும். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் கண்டறிந்தார்கள். காய்ச்சினால் ஃபுளூரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். வழி ஒன்று, வேறு தண்ணீர் தருவது. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகத்தான் காவிரியைக் கொண்டுபோகிறது. இன்னொரு வழி, நாகபுரியின் நீரி நிறுவனம் தந்த நல்கொண்டா முறை: படிகாரம், சுண்ணாம்பு, அவற்றோடு நம் பிளீச்சிங் பவுடர்!

அயோடினை நீங்கள் அறிவீர்கள். அது குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரும். கருவிலேயே குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். தூத்துக்குடி உப்பளத்து உப்பில் அயோடின் சேர்த்து விற்கிறார்கள். அடுப்பங்கரை அம்மாக்களே, அந்த அயோடின் காற்றிலும் சூட்டிலும் குறையாமல் இருக்க, உப்பு ஜாடியை மூடியே வையுங்கள், முடிந்தவரை இறக்கும் நேரத்தில் உப்புப் போடுங்கள்.

தொழில்நுட்பத்தில் இந்தக் குடும்பத்தின் பங்கு பற்றி நிறையச் சொல்ல எழுதி வந்தேன், நேரம் நெருக்குகிறது. ஒன்றிரண்டு மட்டும். உங்கள் வீட்டு பிவிசி குழாயின் எடையில் பாதிக்கு மேல் குளோரின்தான். ஃபிரிட்ஜில் ஓடிய குளோரோஃபுளூரோகார்பன்கள் வானத்து ஓசோனை அரித்ததால்தான் 1987-இல் மான்ட்ரியலில் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன.

ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வந்துவிட்டது, முடித்துவிடுகிறேன். குளோரின் தண்ணீரில் மிச்சம் இருக்க வேண்டும், ஃபுளூரைடு கூடக் கூடாது, அயோடின் குறையக் கூடாது. இதில் எதையும் தண்ணீரையும் உப்பையும் வெறுமனே பார்த்துச் சொல்லிவிட முடியாது, சோதித்துத்தான் சொல்ல முடியும். உங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று ஊராட்சியில் கேளுங்கள். அடுத்த தீபத்துக்கு மலை சுற்ற வருவீர்கள். ஏதோ ஒரு பந்தலில் தண்ணீரை வாயருகே கொண்டுபோகும்போது லேசாக மருந்து வாடை வந்தால் முகம் சுளிக்காதீர்கள். காலையிலிருந்து யாரோ ஒருவர் வாளியில் கலக்கி, தெளிய வைத்து, அரை மணி காத்திருந்து உங்களுக்காக எடுத்துவைத்த தண்ணீர் அது. வாடை இல்லையென்றால், அங்கே இருக்கும் தம்பியிடம் அன்பாக ஒரு வார்த்தை கேளுங்கள்: "மஞ்சள் தெரியுதா தம்பி?"