விளையாட்டுத் திடலுக்கு நிழற்பந்தல்

(பஞ்சாயத்து உறுப்பினர்களின் பயிற்சிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றி இக்கூட்டத்தில் பலர் விரிவாகப் பேசினார்கள். அவற்றோடு ஒப்பிட்டால் நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறியதாகத் தோன்றலாம். பள்ளிப் பிள்ளைகள் விளையாடும் திடலுக்கு மேலே துணியாலோ வலையாலோ ஒரு பந்தல் அமைப்பது எப்படி என்பதையே இன்று பேச விரும்புகிறோம். வேலை சிறியதுதான். செவ்வையாகச் செய்தால் குழந்தைகளுக்குப் பெரும் நன்மை. அரைகுறையாகச் செய்தாலோ, அவர்கள் தலைக்கு மேல் ஆபத்தைக் கட்டித் தொங்கவிட்டவர்கள் ஆவோம். ஆகவே சற்றுப் பொறுமையுடன் கேட்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.

புதுவை காட்டிய வழி

நம் அண்டையிலுள்ள புதுச்சேரி, 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் இருந்த நகரம். துணி நெய்து கடல் கடந்து அனுப்பிப் பெயர் பெற்ற ஊர் அது. 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ-பிரெஞ்சு நெசவாலை 2020-இல் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் 2024-ஆம் ஆண்டுக் கோடையில் அந்நகரத்தில் துணி வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. பொதுப்பணித் துறையினர் போக்குவரத்து சிக்னல்களில் சாலைக்கு மேலே உயரமாகப் பச்சை நிழல்வலையைக் கட்டினார்கள். சிவப்பு விளக்கு எரியும்போது இரு சக்கர வாகனங்களில் வந்தவர்கள் அந்த நிழலில் நின்றார்கள். அக்காட்சியை நாடு முழுவதும் மக்கள் பார்த்துப் பாராட்டினார்கள். விரைவில் சென்னை மாநகராட்சியும் அதைப் பின்பற்றியது.

சிக்னலில் நிற்பவர் நிற்பது ஓரிரு நிமிடம். அவருக்கே நிழல் தேவை என்று ஓர் அரசுத் துறை கருதியது. அப்படியானால் ஒரு பாடவேளை முழுவதும் ஓடி ஆடும் குழந்தைக்கு நிழல் வேண்டாமா? இதுவே நாம் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

வெயிலின் கடுமை ஆண்டுதோறும் நமக்குத் தெரிந்தே வருகிறது. 2023-இலும் 2024-இலும் வெயிலின் காரணமாகவே தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பள்ளி திறக்கும் நாளைத் தள்ளிவைக்க நேர்ந்தது. ஓடும் குழந்தையின் உடலிலிருந்தே வெப்பம் பிறக்கிறது. மேலிருந்து சூரியனும், கீழிருந்து காய்ந்த சிமெண்டுத் தரையும் மேலும் வெப்பத்தைச் சேர்க்கின்றன. பெரியவர்களைப்போலக் குழந்தைகளுக்கு வியர்ப்பதில்லை. தாகத்தையும் அவர்கள் நேரத்தில் உணர்வதில்லை. இந்த அச்சத்தால் பல பள்ளிகளில் விளையாட்டு வேளை வகுப்பறைக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. நிழல் இல்லாமையால் நம் பிள்ளைகள் விளையாட்டை இழக்கிறார்கள்.

உழவர் அறிந்த பொருள்

நிழல்வலை உழவர்களுக்குப் புதியதன்று. நாற்றங்காலுக்கு மேல் அதைக் கட்டியிருக்கிறீர்கள். அது வருவதற்கு முன்பே அகத்தியின் நிழலில் வெற்றிலைக் கொடியை வளர்த்தவர்கள் நம் முன்னோர். இளம்பயிருக்கு எவ்வளவு வெயில் ஆகும், எவ்வளவு ஆகாது என்பதை உங்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இந்த வலை பாலிஎத்திலீன் இழையால் ஆனது. வெயிலில் இற்றுப்போகாத மருந்து சேர்த்ததையே வாங்க வேண்டும். 50 விழுக்காடு, 75 விழுக்காடு, 90 விழுக்காடு என்று நிழலின் அளவைக் குறித்து விற்கிறார்கள். நாற்றுக்கு 50 போதுமானாலும், திடலுக்கு 75-க்குக் குறையாமல் இருப்பது நலம். வலையின் கண்கள் வழியே சூடான காற்று மேலே சென்றுவிடும். தார்ப்பாயைக் கட்டினாலோ அதன்கீழ் புழுக்கம் தங்கும். மழைநீர் தேங்கிக் குளமாகும். காற்றடித்தால் அது கப்பற்பாயைப்போல் உப்பிக் கம்பத்தையே பிடுங்கும்.

கும்பகோணத்தை மறவோம்

"இதற்குக் கீற்றுப் பந்தல் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் கீற்றுப் பந்தல் இட்டு வளர்ந்தவர்கள்தாம் நாம். ஆனால் 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பிடித்துக் கீற்றுக் கூரை எரிந்ததில் 94 குழந்தைகள் உயிரிழந்தார்கள். அந்நாளுக்குப் பிறகு பள்ளி வளாகத்தில் கீற்றைப் பற்றிப் பேச நமக்கு மனம் வாராது.

அதே எண்ணத்தோடு வலையையும் நாம் பார்க்க வேண்டும். அதுவும் தீயில் உருகி எரியக்கூடியதே. உருகிய துளி கீழே நிற்பவர் மேல் விழும். ஆகையால் எளிதில் தீப்பற்றாத வகையைச் சான்றோடு கேட்டு வாங்குங்கள். சத்துணவுக் கூடத்தின் அடுப்புக்கு அருகில் பந்தல் வேண்டாம். வலையின்மேல் மின்கம்பியை ஓடவிடாதீர்கள். ஆண்டு விழாவானாலும் அதன்கீழ் வெடி வெடிக்க இடம் கொடாதீர்கள். நான்கு புறமும் திறந்திருந்தால் பிள்ளைகள் எப்பக்கமும் வெளியேறலாம்.

அளவும் திசையும்

முதலில் எந்த ஆட்டத்திற்கு என்று முடிவு செய்யுங்கள். கபடிக் களம் ஆண்களுக்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. சுற்றிலும் இரண்டு மீட்டர் விட்டால் 17-க்கு 14 மீட்டர் போதும். பந்து மேலே பறக்காத ஆட்டமாகையால் ஐந்து மீட்டர் உயரமே தாராளம். கைப்பந்துக் களம் 18-க்கு 9 மீட்டர். சுற்றுவெளியோடு 24-க்கு 15 ஆகும். மேலே ஏழு மீட்டர் தடையின்றி இருக்க வேண்டும் என்பது விதி. கூடைப்பந்துக் களம் 28-க்கு 15 மீட்டர். அதற்கும் ஏழு மீட்டர் உயரம் தேவை. உயரம் ஏற ஏறக் கம்பத்தின் செலவும் ஏறும். ஆகவே சிற்றூர்ப் பள்ளிகள் கபடிக் களத்திலிருந்து தொடங்குவதே உசிதம்.

அடுத்தது நிழல் விழும் திசை. புதுவைப் பகுதியில் ஏப்ரல் மாதப் பிற்பாதியில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்கும்; அப்போது பந்தலுக்கு நேர் கீழே நிழல் விழும். ஆனால் பிள்ளைகள் விளையாடுவது மாலை மூன்றரை மணிக்கு அல்லவா? அந்நேரத்தில் ஐந்து மீட்டர் உயரத்திலுள்ள வலையின் நிழல் ஏறக்குறைய ஆறு மீட்டர் கிழக்கே நகர்ந்துவிடும். இதை எண்ணாமல் களத்திற்கு நேர்மேலே கட்டினால், நிழல் ஒருபுறமும் ஆட்டம் மறுபுறமுமாகக் கிடக்கும். எனவே பந்தலை மேற்கே நீட்டிக் கட்டுங்கள். அல்லது மேற்குப் பக்கத்தில் ஒரு திரையைத் தொங்கவிடுங்கள்.

அவிழ்ப்பவர் யார்?

இனிச் சொல்லப்போவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகிறது. வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகிறது. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததைக் கண்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். புதுவையில் சிக்னல் பந்தல் கட்டிய அதே 2024-இல், நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் அந்நகருக்கு அருகே கரை கடந்து, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்வித்தது. கோடைக்குக் கட்டியதைப் புயலுக்கு விட்டுவைப்பது பேதைமை.

ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியின் கொலோசியம் அரங்கில், பார்வையாளர் மேல் வெயில் படாதிருக்கப் பெரிய பாய்களை விரித்தார்கள். அவற்றை இழுத்துக் கட்டவும் சுருட்டவும் கப்பற்படை மாலுமிகளையே அமர்த்தியிருந்தார்கள். பாய் விரிப்பதைவிட அதைக் கையாளும் ஆள் முக்கியம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். நம் கடலோர ஊர்களில் கயிற்றையும் பாயையும் அறிந்த மீனவப் பெருமக்கள் இருக்கிறார்கள். உள்ளூர்களில் பந்தற்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய யோசனையைக் கேளுங்கள்.

கம்பமும் அடித்தளமும் நிலையானவை. அவற்றைப் பொறியாளரின் கணக்கின்படியே அமைக்க வேண்டும். செலவில் பெரும்பங்கு அதற்கே ஆகும். அதில் சிக்கனம் கூடாது. வலையோ ஆண்டுதோறும் ஏறி இறங்கும் பொருள். கம்பிவடத்தில் வளையமிட்டு, திரைச்சீலையைப்போல் இழுத்து ஒதுக்கும்படி அமைத்தால், கோடையில் திடீரென்று இடியும் காற்றும் வந்தாலும் இரண்டு பேர் சிறிது நேரத்தில் சுருட்டிவிடலாம்.

இதற்கு நம் கிராம சபையே காலம் குறித்துத் தருகிறது. சனவரி 26-ஆம் நாள் சபையில் தீர்மானம் செய்து, பிப்ரவரியில் வலையை ஏற்றுங்கள். அக்டோபர் 2-ஆம் நாள் சபை கூடும்போது வலை இறங்கி, மடித்து, பள்ளி அறையில் எலி கடிக்காதபடி வைக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகே வடகிழக்குப் பருவமழை வரும். கட்டுவதற்கான தீர்மானத்திலேயே அவிழ்க்கும் பொறுப்பு யாருடையது என்று பெயரோடு எழுதுங்கள். அவர் ஊரில் இல்லாத நாளில் பொறுப்பேற்பவர் பெயரையும் எழுதுங்கள். அந்த இரு பெயரும் கிடைக்கவில்லையென்றால், பந்தலைக் கட்ட வேண்டாம்.

மரமும் நீரும்

பந்தல் முடிவான மருந்து என்று நாம் கூறவில்லை. அது போடும் நாளிலேயே திடலின் மேற்கு ஓரத்தில், வேர் களத்தைப் பெயர்க்காத தொலைவில், புங்கையும் வேம்பும் நடுங்கள். இன்று முதல் வகுப்பில் சேரும் குழந்தை உயர்நிலைப் பள்ளிக்கு வரும்போது அம்மரங்கள் மாலை வெயிலைத் தாங்கிக்கொள்ளும். நிழலிலும் தாகம் உண்டு. ஆகவே பந்தலின் ஓரத்தில் ஒரு குடிநீர்ப் பானை எப்போதும் இருக்கட்டும்.

நண்பர்களே! நாற்று வாடினால் நம் மனம் பொறுப்பதில்லை. ஓடிச்சென்று நிழல் கட்டுகிறோம். காற்று வந்தால் ஓடிச்சென்று அவிழ்க்கிறோம். நம் பிள்ளைகளுக்கும் அந்த அக்கறையையே கேட்கிறோம். அடுத்த கோடைக்குள் உங்கள் ஊரில் ஒரு கபடிக் களத்தின்மேலாவது நிழல் விழட்டும். அதற்கடுத்த மழைக்கு முன் அது பத்திரமாக இறங்கட்டும்.