வண்ண மீனுக்கு வரும் வெண்புள்ளி நோய்

(வானொலி உரை)



நெல்லும் கறவையும் பார்க்கிற நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலே, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நாலு சிமெண்டுத் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்க்கிறவர்களும் உண்டு. இந்தத் தொழிலுக்குப் பேர்போன கொளத்தூர் பக்கத்திலேயே இருப்பதால் விற்பனைக்கு அதிகம் அலைய வேண்டியதில்லை. ஆனால் சில நாட்களிலேயே ஒரு தொட்டி மீனைக் காலி செய்துவிடக்கூடிய நோய் ஒன்று இருக்கிறது. அதுதான் வெண்புள்ளி நோய்.

சோழவரம் பக்கத்திலே ஒரு விவசாயி. மார்கழி மாதம் மோலி மீன் வாங்கிவந்து, அன்றைக்கே பழைய மீனோடு சேர்த்து விட்டுவிட்டார். நாலைந்து நாளில் மீன்கள் தொட்டிச் சுவரிலே உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தன. உடம்பெல்லாம் ரவையைத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. உப்புப் போட்டார். இரண்டு நாளில் புள்ளி மறைந்தது. "குணமாயிடுச்சு சார்" என்றார். தண்ணீரை மாற்றி உப்பையும் நிறுத்திவிட்டார். அடுத்த வாரம் நான் போனபோது பாதி மீன் செத்து மிதந்தது.

ஏன் இப்படி ஆயிற்று? அந்தப் புள்ளி ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஒட்டுண்ணி இருக்கிறது. அது மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. வளர்ந்ததும் தானாகவே உதிர்ந்து, தொட்டி அடியில் ஒட்டிக்கொண்டு, ஒன்று நூற்றுக்கணக்காகப் பெருகும். அந்தக் குஞ்சுகள் நீந்தி மறுபடி மீனைத் தேடும். அப்போதுதான் உப்போ மருந்தோ அவற்றைக் கொல்லும். கோரையை மேலே அறுத்துவிட்டு, கிழங்கை மண்ணிலே விட்டால் என்ன ஆகும்? அதே கதைதான் இதுவும். ஆகவே புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டது என்று நினைக்காதீர்கள்.

இனி வைத்தியம். முதலில் தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கணும். நீளம், அகலம், தண்ணீரின் ஆழம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி, அதை 28-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 6 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி தண்ணீர் என்றால் சுமார் 1,000 லிட்டர். லிட்டருக்கு 3 கிராம் வீதம் 3 கிலோ கல்லுப்பு வேண்டும். அதைக் கரைத்து, ஒரு வேளைக்கு ஒரு கிலோவாக, அரை நாள் இடைவெளியில் மூன்று தடவையாக ஊற்றுங்கள். டெட்ரா, கெளுத்தி இனங்கள் இவ்வளவு உப்பைத் தாங்காது. அவற்றுக்கு மட்டும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

தினமும் குழாய் வைத்து அடியில் உள்ள கசடோடு கால்பங்கு தண்ணீரை எடுத்துவிடணும். 250 லிட்டர் எடுத்தால், புதுத் தண்ணீரோடு 750 கிராம் உப்பும் சேர்க்கணும். வெயிலில் வற்றின தண்ணீருக்கு ஈடாக ஊற்றும்போது உப்பு வேண்டாம்; உப்பு ஆவியாவதில்லை. இப்படி 14 நாள் விடாமல் செய்யுங்கள். காற்று மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கட்டும். புள்ளி செவுளில் இருந்தால் மீனுக்கு மூச்சு முட்டும்.

நோய் வராமல் தடுப்பது இதைவிடச் சுலபம், செலவும் குறைவு. புது மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். தொட்டிக்கு ஒரு வலை வைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து எடுங்கள். போர்த் தண்ணீரை ஒரு நாள் காற்றூட்டி விடுங்கள். குளிர் மாதத்தில் இரவில் தொட்டியை மூடி வையுங்கள். ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவுக்குத் தீனி போதும். மிஞ்சின தீனி அழுகித்தான் பல சமயம் துடுப்பு அழுகல் வருகிறது. காயத்தில் பஞ்சு மாதிரி பூஞ்சணம் படர்ந்தாலும் முதலில் தண்ணீரைத்தான் கவனிக்கணும். கடையிலே கொடுக்கிற மாத்திரையைத் தெரியாமல் கரைக்க வேண்டாம்.

செத்த மீனைக் குழி தோண்டிப் புதையுங்கள். ஏரியிலோ குளத்திலோ போட வேண்டாம். சந்தேகம் இருந்தால், நோயுற்ற மீனை உயிரோடு, அதே தொட்டித் தண்ணீரோடு, பொன்னேரி மீன்வளக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அழுகின மீனை வைத்து நோயைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அந்தச் சோழவரத்துக்காரர் இப்போது புது மீனுக்கென்று தனித் தொட்டி ஒன்று கட்டியிருக்கிறார். நஷ்டப்படுவதற்கு முன்னாலேயே நீங்களும் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள்.