கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள், டாக்டர்!



கோப்பெருஞ்சோழன் ஆண்ட உறையூர் என்று தொடங்கினால் கைதட்டுவீர்கள். கைதட்டல் இருக்கட்டும். நான் ஓ.பி. சீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஆண்களை விரும்பும் ஆண்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள். ஆண், பெண் இருவர் மேலும் ஈர்ப்புள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் காய்ச்சல் வரும், நீர்க்கடுப்பு வரும், தூக்கம் கெடும். டாக்டர்களைக் கேட்டால், "எங்களுக்கு எல்லோரும் ஒன்றுதான், யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை" என்கிறார்கள். அந்தப் பேச்சைத்தான் இன்று எதிர்க்கிறேன். புத்தூர் ஜி.எச். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. தில்லைநகர் கிளினிக்குகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

பிரித்துப் பார்க்காததால் என்ன நடக்கிறது? பையன் உள்ளே போகிறான். கூடவே அம்மா, மாமா. கதவு திறந்தே கிடக்கிறது. அடுத்த டோக்கன்காரர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். முதல் கேள்வி: "கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?" இல்லை என்றால் உறவு பற்றிய பேச்சு அதோடு சரி. ஆயிற்று என்றால், மனைவியைத் தவிர வேறு உறவில்லை என்று டாக்டரே முடிவு கட்டிவிடுகிறார். இதில் எங்கே அவன் வாயைத் திறப்பான்?

கொனோரியா தொண்டையிலும் ஆசனவாயிலும் பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் இருக்கும். சிறுநீரை மட்டும் சோதித்தால் அது தெரியாது. ஆரம்பநிலை சிபிலிஸுக்குப் பென்சிலின் ஊசி ஒன்று போதும். கேள்வியே கேட்காதபோது ஊசியை யார் போடுவது? நோய் வீட்டுக்குப் போகிறது. மனைவிக்குத் தொற்றுகிறது, அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் தொற்றலாம். குடும்பம், பண்பாடு என்று மார்தட்டுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்!

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் எச்.ஐ.வி.யை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். பின்னால் வந்த எச்.ஐ.வி. சோதனைக்கான நம்பிக்கை மையங்களில் ஆலோசகர் தனியாகப் பேச வேண்டும் என்று விதி வைத்தோம். ரகசியத்தைக் காக்க 2017இல் சட்டமும் போட்டோம். அங்கே முடிந்தது காய்ச்சல் ஓ.பி.யில் ஏன் முடியவில்லை? நெஞ்சுவலி என்று வருகிறவனை, ஆண்களை விரும்புகிறவன் என்று தெரிந்ததும் எச்.ஐ.வி. டெஸ்டுக்கு மட்டும் அனுப்பிவிட்டு நெஞ்சை மறந்துவிடுவதும் அவமதிப்புதான்.

'மாற்றித் தருகிறேன்' என்று காசு வாங்குகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். எதை மாற்றுவது? உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2021 ஜூன் 7 அன்று, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மருத்துவத்தின் பேரால் ஒருவரின் ஈர்ப்பை மாற்ற முயல்வதைத் தடைசெய்யச் சொன்னார். தீர்ப்பு எழுதுமுன், தனக்கு இது விளங்கவில்லை என்று ஓர் உளவியலாளர் முன் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். நீதிபதிக்கு இல்லாத கூச்சம் டாக்டருக்கு எதற்கு? 2022இல் தேசிய மருத்துவ ஆணையமே இந்த 'மாற்றும் சிகிச்சை' தொழில்முறை ஒழுங்கீனம் என்று மாநில கவுன்சில்களுக்கு எழுதிவிட்டது. அப்படிக் காசு வாங்குகிறவர் மேல் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் தாராளமாகப் புகார் கொடுங்கள்.

டாக்டர்களுக்குச் சொல்வது இவ்வளவே: கதவைச் சாத்துங்கள். "உறவு ஆண்களோடா, பெண்களோடா, இருவரோடுமா?" என்று, சர்க்கரை உண்டா என்று கேட்கும் அதே குரலில் கேளுங்கள்.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒன்று. "கொஞ்சம் வெளியே இருங்கம்மா" என்று டாக்டர் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுந்து போய் பெஞ்சில் உட்காருங்கள். வெளியே வந்த பிள்ளையிடம், உள்ளே என்ன பேசினாய் என்று துருவாதீர்கள்.