விளக்கவுரையும் கலந்துரையாடலும்: பதின்பருவத்தினரோடு ‘ஃபாரன்ஹீட் 451’

(வாசிப்பு வட்டங்களை நடத்தும் தோழர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோடை விடுமுறையில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளைத் திரட்டி நூல் வாசிப்பில் ஈடுபடுத்துவது என்று முடிவெடுத்திருக்கிறோம். எந்த நூலை, எம்முறையில் வாசிப்பது என்பதே இன்றைய கேள்வி. ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலை நான் முன்மொழிகிறேன். அதனைப் பன்னிரண்டு பிள்ளைகளுடன் மூன்று அமர்வுகளில் படித்த அனுபவத்திலிருந்து பேசுகிறேன்.

நாவல் 1953இல் வெளிவந்தது. அமெரிக்காவில் மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்த காலம் அது. அந்நாட்டு வெளியுறவுத் துறை அயல்நாடுகளில் நடத்திவந்த நூலகங்களிலிருந்து இடதுசாரி எழுத்தாளர்களின் நூல்கள் அவ்வாண்டில்தான் அகற்றப்பட்டன. 1933 மே 10 அன்று பெர்லினில் நாஜிகள் மூட்டிய நெருப்பும் அப்போது யாருக்கும் மறந்திருக்கவில்லை.

நாவல் காட்டும் எதிர்கால உலகில் வீடுகள் தீப்பிடிக்காதவாறு கட்டப்பட்டுள்ளன. எனவே தீயணைப்புப் படையினருக்கு வேறு வேலை தரப்பட்டிருக்கிறது: ஒளித்து வைக்கப்பட்ட நூல்களைத் தேடிக் கொளுத்துவது. அப்படையைச் சேர்ந்த மாண்டாக், தான் எரிக்க வேண்டிய நூல்களை மறைத்து வீட்டுக்கு எடுத்துவரத் தொடங்குகிறான். கதையின் முடிச்சு அதுதான்.

தோழர்களே, முதல் அமர்வில் நான் தவறு செய்தேன். மெக்கார்த்தி, நாஜிகள், முதலாளித்துவப் பண்பாடு என்று நாற்பது நிமிடம் விளக்கினேன். பிள்ளைகள் பணிவுடன் கேட்டுக்கொண்டார்கள். “ஐயம் உண்டா?” என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்றிரவு நாவலின் முதற்பகுதியை மீண்டும் படித்தேன். மாண்டாக் உடல்நலமில்லை என்று படுத்திருக்கையில் அவனுடைய தலைவன் பீட்டி வீடு தேடி வருகிறான். நூல்கள் ஏன் தேவையற்றுப் போயின என்று நெடிய விளக்கம் தருகிறான். நாவலிலேயே மிகுதியாகப் படித்தவர்களுள் ஒருவன் அவன்தான். பழைய இலக்கிய வரிகள் அவன் நாவில் புரள்கின்றன. ஆயினும் அவன் பேசுவதெல்லாம், எதிரில் இருப்பவன் மேற்கொண்டு கேள்வி கேட்காமலிருப்பதற்காகவே. அப்பக்கங்களைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டாம் அமர்வில் முறையை மாற்றினோம். நால்வர் கொண்ட மூன்று குழுக்கள். ஒருவர் சில பக்கங்களை உரக்கப் படிப்பார். பிறகு ஒவ்வொருவரும் ஒரு துண்டுத்தாளில் ஒரு கேள்வியை மட்டும் எழுத வேண்டும். விடை எழுதக் கூடாது. குழு ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து விவாதிக்கும். எழுதிய கேள்வி கைவசம் இருப்பதால், கூட்டத்தில் பேசக் கூசும் பிள்ளைகளும் பங்கேற்றார்கள். வழிநடத்துபவர் கடைசியாகத்தான் பேச வேண்டும் என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு.

மாண்டாக்கின் வீட்டில் மூன்று சுவர்கள் முழுக்கத் தொலைக்காட்சித் திரைகள். நான்காவது சுவரும் வேண்டும் என்கிறாள் அவன் மனைவி மில்ட்ரெட். அதன் விலை 2,000 டாலர். அவனுடைய ஆண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாணவி இவ்வாறு எழுதியிருந்தாள்: “முந்தைய மூன்று சுவர்களுக்கும் தவணை கட்டி முடித்தார்களா? அந்தப் பணம் யாருக்குப் போனது?” முதல் நாள் நான் நாற்பது நிமிடத்தில் புரியவைக்க முயன்றதை அவள் இரண்டு வரியில் எட்டிவிட்டாள். சுவர்களை விற்கும் நிறுவனமோ அங்கு உழைப்போரோ நாவலில் ஏன் தென்படுவதில்லை என்ற கேள்வி அதைத் தொடர்ந்து தானே எழுந்தது.

மற்றொரு கேள்வி ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டது. “1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அம்பேத்கர் மனுஸ்மிருதியை எரித்தாரே, அதுவும் இதுவும் ஒன்றா?” எரிப்பது எரிப்பதுதான் என்றது ஒரு குழு. அவர் அந்நூலைப் படித்து, காரணத்தை ஊரறியச் சொல்லி எரித்தார் என்றது இன்னொன்று. மாண்டாக்கின் கையில் அரசதிகாரம் இருக்கிறது, ஒரு படியும் மிஞ்சக்கூடாது என்பதே அவனுக்கு இடப்பட்ட ஆணை. மகாத்தில் கூடியவர்களோ பொதுக்குளத்துத் தண்ணீருக்கே போராட வேண்டியிருந்தவர்கள், மனுஸ்மிருதி இன்றும் கடையில் கிடைக்கிறது என்றது மூன்றாவது குழு. இறுதிவரை ஒரு மாணவி உடன்படவில்லை. அவளை உடன்படச் செய்ய நான் முயலவில்லை. மறுவாரம் அம்பேத்கரின் நூலொன்றைக் கேட்டு வந்தவள் அவள்தான்.

இனி, நமக்குக் கடினமான கேள்வி. “சோவியத் நாட்டில் நூல்களைத் தடை செய்யவில்லையா?” என்று ஒரு மாணவன் கேட்டான். நம் தோழர்கள் பலர் இவ்விடத்தில் பேச்சைத் திருப்புவார்கள். நானும் திருப்பப் பார்த்தேன். பிறகு உண்மையைச் சொன்னேன். சாமியாட்டின் 1920-21இல் எழுதிய ‘நாம்’ என்ற நாவல் ஆங்கிலத்தில் 1924இலேயே வெளிவந்தது. அவருடைய சொந்த நாட்டில் 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது தவறு என்றும் சொன்னேன். அவன் கட்சியை விட்டு விலகி ஓடவில்லை. “அப்படியானால் நாம் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டான். ‘நாம்’ என்று அவன் சொன்னதை நான் கவனித்தேன்.

இந்நாவலுக்கே நேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1967இல் பள்ளி மாணவர்களுக்கென வெளியிட்ட பதிப்பில், பதிப்பகத்தார் ஆசிரியருக்குத் தெரியாமல் சுமார் 75 இடங்களில் சொற்களையும் வரிகளையும் மாற்றியிருந்தனர். பல ஆண்டுகளுக்குப் பின், 1979 வாக்கில்தான் பிராட்பரி அதனை அறிந்தார். அவருக்கு எழுதித் தெரிவித்தவர்கள் மாணவர்களே.

தோழர்களே, நமது அரசியல் வகுப்புகளையும் இவ்வெளிச்சத்தில் பரிசீலிப்போம். ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு, “கேள்வி உண்டா?” என்று கேட்டு, எழும் மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறோம். அந்த மௌனத்தை உடைக்கும் பயிற்சியைப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கலாம். அடுத்த வாசிப்பு வட்டத்துக்குச் செல்லும்போது உங்கள் குறிப்பேட்டை வீட்டில் வைத்துவிட்டு, துண்டுத்தாள்களை எடுத்துச் செல்லுங்கள்.